பற்று வரவு

அப்பாவின் எக்செல் தாளில்
அந்த வரிக்கு மட்டும் பெயரில்லை.
கட்டணம், புத்தகம், கார் காப்பீடு,
அதன்கீழ் வெறும் கேள்விக்குறி:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்,
அரையாண்டுக்கு.

ஒமாஹாவிலிருந்து ஞாயிறுதோறும் கேட்பார்:
"காசு குடுத்தா சினேகிதம் வாங்குவாங்க?"
"சினேகிதம் இல்லப்பா, வீடு."
"வீடுதான் இங்க இருக்கே."
இருக்கிறது. ஐம்பத்தைந்து மைலில்.

லிங்கனில் ஆகஸ்ட் வெயில்
சோளக்காட்டு ஈரத்தோடு வந்து ஒட்டும்.
ஐந்து நாளில் பதின்மூன்று வீடுகள்.
கதவு திறந்ததும் நாற்பது பெண்கள்
கைதட்டிப் பாடினார்கள்
என்னைப் பார்த்து,
எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து,
இன்னும் தெருமுனை திரும்பாதவளையும் பார்த்து.
நறுமுகை என்றால் என்னவென்று
வாசலுக்கு வாசல் கேட்டார்கள்.
ஒன்பதாம் வீட்டில் அலுத்துப்போய்
வேறொரு அர்த்தம் புனைந்து சொன்னேன்.
அதைத்தான் அவர்களுக்குப் பிடித்தது.

செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றார்கள்.
கழற்றி வைத்தது றகரத்தை.
அன்றிலிருந்து நரூ.

எனக்கு வாய்த்த அக்கா கெய்லி.
தமிழில் பார்த்து எழுத வேண்டும்,
கொஞ்சம் சறுக்கினால் கேலி.
ஆங்கிலத்தில் உடன்பிறந்தவளுக்கு வயதில்லை,
அந்த வீட்டில் மட்டும் உண்டு:
பெரியவள், சின்னவள்.
ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தவளுக்கு
வீட்டில் யாரையும் கூப்பிட்டிராத இரண்டு சொற்கள்
கிரேக்க எழுத்துப் போட்ட பனியனோடு வந்து சேர்ந்தன.

பனியன்கள் பதினேழு.
திங்கள் இரவுக் கூட்டத்துக்குப் போகாவிட்டால்
இருபத்தைந்து டாலர் அபராதம்.
ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் வளர்கிறது என்பதெல்லாம்
காரணத்தில் சேராது.
வெள்ளி, சனி உணவுக்கூடத்தில் தட்டு கழுவினேன்.
அந்தப் பணம் தாளில் இல்லை.

பிப்ரவரியில் குடல்வால் வெடித்தது.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கெய்லி நூலக அட்டையால்
கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டினாள்,
அட்டை உடைந்தது, நகத்தால் சுரண்டினாள்.
அவசரப் பிரிவில் பைஜாமாவோடு நான்கு பேர்.
அம்மாவுக்குப் போன் போட்டவள் அவள்தான்.
நான் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
"சரி, சரி, சரி" என்றாளாம்
அம்மா அழுது ஓயும்வரை.
விடியலில் நெடுஞ்சாலை திறந்து அப்பா வந்தபோது
தரையில் கோட்டைப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தாள்.
தாண்டி வர இடமில்லாமல்
கதவருகிலேயே நின்றார்.
அடுத்த ஞாயிறு அவர் எதுவும் கேட்கவில்லை.

மறு ஆகஸ்டில்
கைதட்டும் பக்கம் நான்.
வந்து போகிறவளுக்கு
ஐந்துக்கு எத்தனை என்று போனில் தட்ட வேண்டும்.
கிராண்ட் ஐலண்டிலிருந்து மிதுஷா வந்தாள்,
கடையின் விலைச்சீட்டு கழுத்தோரம் எட்டிப் பார்க்க.
என் கையைப் பிடித்து மெல்ல,
"அக்கா, நீங்கள் இஞ்ச இருக்கிறதப் பாத்துத்தான்
நான் வந்தனான்."
காசில்லாமல், அபராதமில்லாமல்,
அக்கா.

சுற்றிப் பார்த்தேன்.
பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.
ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.
வானிலையைப் பற்றி ஏதோ.
அவள் போனதும்
இரண்டு என்று தட்டினேன்.
யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.
அந்த விலைச்சீட்டை உள்ளே தள்ளிவிடக்கூட
எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மினியாபொலிஸில் வேலை நிச்சயமாகியிருக்கிறது,
எங்கள் வீட்டில் எப்போதோ வசித்த ஒருத்தி
எழுதிய நான்கு வரி மின்னஞ்சலில்.
அப்பா கேள்விக்குறியை அழித்துவிட்டு
முதலீடு என்று போட்டிருக்கிறார்.
கொட்டை எழுத்தில்.

கணக்கில் செலவுப் பக்கத்துக்குத்
தமிழில் பற்று என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
குளிர்கிற கெய்லியின் நகங்களையும்
அந்த இரண்டையும்
அதே பக்கத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன்.
மேசைக்குப் பின்னால் மிதுஷா.
திரையைப் பார்த்து என் பெயரை வாசித்தாள்,
முழுதாக, றகரம் உருள:
நறுமுகை.
பாக்கி ஒன்றுமில்லை என்றாள்.
அக்கா என்று சொல்லவில்லை.