ஆறாவது கட்டம்

காவாங்கரையில் இறங்கினால்
மருந்துக்கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
என் ஜெராக்ஸ் மிஷின்.
பக்கம் இரண்டு ரூபாய்.
படிவம் நிரப்பித் தர இருபது.
முகாம்காரர்களுக்குப் பத்து.

யோகமலர் அக்கா உறையைப் பிரித்தார்,
உறைக்குள் இன்னோர் உறை,
அதற்குள் மண்டபத்தில் கொடுத்த அட்டை.
ஓரமெல்லாம் உப்பு ஏறிய மாதிரிக் கறை.

வந்த வழி: படகு.
கடவுச்சீட்டு எண்?
"அதெல்லாம் எடுக்க நேரம் விட்டவையோ தம்பி?"
'இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த படிவம் மகளுக்கு.
துவாரகா. பிறந்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரி.
கோபம் வந்தால்
ஆட்டோக்காரரிடம் "இன்னா நைனா" என்பாள்,
வீட்டில் "ஓமம்மா".

ஆறாவது கட்டம் கேட்டது:
இந்தியாவுக்கு வந்த தேதி.

கோடு போட்டால் திருப்புவார்கள்.
காலியாக விட்டால் கவுண்டரே வாங்காது.
'பொருந்தாது' என்று எழுதிய சிவநேசனை
மூன்று திங்கட்கிழமை அலையவிட்டார்கள்.
அம்மா வந்த தேதியைப் போட்டாலோ
பிறக்கப் பதிமூன்று வருஷம் இருக்கும்போதே
இவள் கரையேறிவிடுவாள்.

மின்விசிறி படிவத்தைத் தூக்கப் பார்த்தது.
ஸ்டேப்ளரை மேலே வைத்தேன்.

துவாரகா பேனாவை வாங்கிக்கொண்டாள்.
2003 மார்ச் ஒன்பது.
பக்கத்தில், கட்டத்தைத் தாண்டாத பொடி எழுத்தில்,
காலை நாலு இருபது.

ஏழாவது கட்டம்: வந்த வழி.
அம்மாவைப் பார்த்தாள்.
"சிசேரியன் எண்டு எழுது" என்றார் அக்கா.
கோழிக்கடைக்காரர் எட்டிப் பார்க்குமளவுக்குச்
சிரித்தோம்.

பிறகு இரண்டு பிரதி எடுத்தேன்.
ஒன்று கொடுக்க.
மற்றது, திருப்பி அனுப்பும்போது
மறுபடி எழுத.