லாவுக்கும் சாவுக்கும் நடுவில்

ஆம்பூர் ஷூ கம்பெனியில்
எங்களோடு மூன்று சீனர்கள்.
மூவருக்கும் ஒரே கடல், வேறு வேறு கரை.
லாம், ஹாங்காங்.
மூய், அதற்கு மேற்கே தொய்சான் பக்கம்.
தே, கிழக்கே ஸ்வாத்தோ.

முதல் நாள் ஷூவைத் தூக்கிக் காட்டி
"ஹாய்" என்றார் லாம்.
நானும் ஹாய் என்றேன்.
அதே ஷூவை வாங்கி "ஓய்" என்றார் தே.
கட்டிங் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

கூடி இருந்தால் பீஜிங் பேச்சு பேசுவார்கள்,
கழுத்துப் பித்தான் வரை போட்ட பேச்சு.
கோபம் வந்தால் போதும்,
அவரவர் கரைக்கு ஓடிவிடுவார்கள்.
அங்கிருந்து கத்தினால் இங்கே கேட்காது.
அப்புறம் வெள்ளிப் பேனாவை எடுத்து
கழிவுத் தோலில் எழுதிக் காட்டுவார்கள்.
எழுத்து ஒன்றுதானாம்,
வாய்தான் மூன்று.

எனக்கு இது புதுசில்லை.
நான் பேரணாம்பட்டு.
வாணியம்பாடிக்காரி என்னை
"இன்னாமே தெலுங்கா?" என்பாள்.
முனவ்வர் பாய் வீட்டில் ஓர் உருது உண்டு,
லக்னோக்காரர் கேட்டால் காதைப் பொத்துவாராம்.
சீனத்தில் ஒரே ஒலிக்கு ஒன்பது ராகம்
என்று லாம் பெருமையாகச் சொன்னபோது
பக்கத்து மெஷின் சுலைகாவிடம்
"எங்க இன்னாவுக்கு எத்தினி?" என்றேன்.
அவள் எண்ணிக் காட்டினாள்.
பதினொன்றில் மதிய மணி அடித்துவிட்டது.

மூய்தான் கஷ்டம்.
லாம் "சாம்" என்று எண்ணும் மூன்றை
அவர் எண்ணுகையில்
நாக்கு லாவில் நிற்கும்,
மூச்சு சாவாகப் போகும்.
எழுத முடியாது. எங்கள் ழ-வையே
எத்தனை பேர் யாவாக்கி வைத்திருக்கிறோம்.
பிள்ளைகள் செருப்பில்
இதய வடிவில் ஓர் ஓட்டை வரும்.
அதில் விரல் விட்டு மூய் சொன்ன சொல்லும் அப்படித்தான்:
லிம்மும் இல்லை, சிம்மும் இல்லை.
வீட்டில் சோறு வடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.
எச்சில் தெறித்தது.

ஆடி மாதம், நைட் ஷிப்ட்.
மூய் மேசையடியில் சுருண்டு கிடந்தார்.
லாம் சென்னையில், போன் அணைந்திருந்தது.
"நீதாம்மா அவுங்க கூட நிக்கிறவ" என்று
முனவ்வர் பாய் என்னையும் வேனில் ஏற்றினார்.
வேலூர் வரை பாலாறு கூடவே வந்தது
தண்ணீர் இல்லாமல்.
வலியில் பீஜிங் பேச்சு கழன்றுபோய்
மூய் ஊர்ப் பேச்சில் முனகினார்.
தே அவர் கையைப் பிடித்துக்கொண்டு
எனக்குத் தெரியல, தெரியல என்று
தலையை மட்டும் ஆட்டினார்.

எமர்ஜென்சியில் சிஸ்டர் கேட்டாள்:
"எங்க வலி? இன்னா சொல்றாரு?"
ஃபோங் என்றார். பிறகு அந்தச் சொல்.
லாவுக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள சொல்.
எனக்குத் தெரியும்! எனக்கு மட்டும் தெரியும்!
"நெஞ்சு சிஸ்டர், நெஞ்சு" என்று கத்தினேன்.
ஓடினார்கள்.
சட்டையைக் கிழித்து ஒயர் ஒட்டினார்கள்.

நெஞ்சு நன்றாக இருந்தது.
இடது கிட்னியில் கல், ஆறு மில்லிமீட்டர்.

விடிந்து லாம் போனில் சிரித்தார்.
"கவலப்படாதேன்னு சொல்லியிருக்கார்.
எங்க பக்கம் ஃபோங் சாம்.
நெஞ்சைக் கீழே வை."
தே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.
அவர் ஊரிலும் அதேதானாம், பாங் சிம்.
இவ்வளவு பக்கத்துச் சொல்
பயத்தில் காதுக்குள் ஏறவில்லை.
டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

யாருக்குச் சொன்னார் மூய்,
எனக்கா, தேவுக்கா, தனக்கேவா,
இதுவரை நான் கேட்கவில்லை.
ஈசிஜி செலவை எந்தக் கணக்கில் எழுத என்று
ஆபீசில் இன்னும் என்னைக் கேட்கிறார்கள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார்.
பிள்ளைச் செருப்பு ஒன்றை எடுத்து
என்னைப் பார்த்து
மெதுவாக மேசைமேல் இறக்கி வைத்தார்.
சிரித்துக்கொண்டே எடுத்துப் பார்த்தேன்.
ஓட்டையின் இடது ஓரம் தையல் விட்டிருந்தது.
ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன்.