செய்துங்கநல்லூர் கேட்

பாளையங்கோட்டை மார்க்கெட் பின்னால்
வாட்ச் ரிப்பேர் கடை மாடி.
வெள்ளிக்கிழமை, ஷட்டர் இறங்கியபின்
நாங்கள் மூன்று பேர்.

வயலின் எனக்கு. கொயரில் பழகிய கை;
அயர்லாந்து ஜிக் வாசித்தாலும்
வில்லில் ஞாயிறு ஆராதனை
கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்.
ஹார்மோனியம் எல்ஐசி தெய்வக்கனி அக்கா.
மேலப்பாளையம் காஜா தப்ஸ் கொண்டுவருவான்,
தோல் ஈரத்தில் இளகினால்
டீ அடுப்பில் காட்டுவான்.
"ஆறு அடிதானல,
எங்க மாமா கலியாணத்துலயே கேட்டாச்சு."

மெட்டுகளின் பெயர் வாயில் நுழையாது.
நாங்களே வைத்துக்கொண்டோம்.
ஒன்றுக்குச் செய்துங்கநல்லூர் கேட்:
திறக்கப்போவது போலவே இருக்கும்,
திறக்காது,
மறுபடி முதலிலிருந்து.

அனுப்புகிறவள் சித்தி மகள் சுகிர்தா,
லிமெரிக்கில் நர்ஸ்.
நைட் டூட்டிக்கு முன்னால் கூப்பிடுவாள்.
போனைச் சுவர்க்கடிகாரத்தில் சாய்த்து வைப்போம்.

சத்தம் போய்ச்சேர அரை நொடி,
திரும்பிவர அரை நொடி.
சேர்ந்து வாசித்துப் பார்த்தோம்,
குழாயடிச் சண்டை போல் ஆனது.
அதிலிருந்து அவள்
மைக்கை அணைத்துவிட்டு
எங்களோடு ஊதுகிறாள்.
விரல் தெரியும், கன்னம் தெரியும்.
தகரக் குழலிலிருந்து
எங்களுக்கு ஒன்றும் வராது.

நாலு பேர் வாசிப்பது
நாலாய்க் கேட்பது
அங்கே அந்த ஒரு அறையில்தான்.

"எப்படி இருந்துச்சுட்டீ?"

அரை நொடி.

"மேல்வீட்டுக் கிழவர்
தரையத் தட்டுனாருண்ணே."

"நிறுத்தச் சொல்லியா?"

அரை நொடி. இன்னும் ஒரு அரை நொடி.

"தெரியல.
ஆனா ஆறு ஆறாத்தான் தட்டுனாரு."