மூன்று புள்ளி

பீட்டர்ஹெட் துறைமுகத்து மீன் ஏலத்தில்
பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள் இஷ்பெல்.
ரகரம் வந்தால் அவள் நாக்கு
பனியில் கிளம்பாத லாரி மாதிரி
இரண்டு தரம் உறுமிவிட்டுத்தான் நகரும்.
இரவை அந்த ஊரில் 'நிஃட்' என்பார்கள்.
அஃது என்கையில் தொண்டைக்குள்
ஒரு தீக்குச்சி உரசுமே, அந்த மூன்று புள்ளி.
பரீட்சை முடிந்ததும் நாம் கைகழுவிய எழுத்தை
அவர்கள் தினமும் செலவழிக்கிறார்கள்,
ஆமாம் சரி என்று தலையாட்ட,
மழையைத் திட்ட.

வியாழக்கிழமை ராத்திரி அதே வாய்
மதுக்கடை மூலையில் மைக் பிடிக்கிறது.
முதல் வரி முடிவதற்குள்
அட்லாண்டிக்கைத் தாண்டிவிடுகிறாள்.
'மை' என்பது 'மா' ஆகிறது.
'நிஃட்' என்பது 'நா…ட்'.
தீக்குச்சி இல்லை. நமுத்துப்போன வெளிச்சம் மட்டும்.
'எப்போதடி டெக்சாஸிலிருந்து வந்தாய்?'
கிளாஸைத் துடைத்தபடி கேட்பாள் வில்மா.
வாராவாரம் இதே கேள்வி, இதே துணி.

பதில் இல்லாமல் இல்லை.
பேச்சில் ஏறி இறங்குவது ஊர்,
பாட்டில் ஏறி இறங்குவது மெட்டு.
ஒரே ஏணி. யாராவது ஒருவர்தான் ஏறமுடியும்.
உயிரெழுத்து மூச்சு உள்ளவரை நீளும்,
மெய்க்கு அரை மாத்திரைதான் கூலி.
நீட்டி இழுத்த ஆகாரத்துக்கு
ஊரும் கிடையாது, தெருவும் கிடையாது.
போதாததற்கு, அவள் பாடப் பழகியது
அப்பாவின் மீன் வேனில், கேசட்டைப் போட்டு.
கேசட்டுப் பெண்கள் 'மா' என்றார்கள், இவளும் 'மா' என்றாள்.
குறிப்பில் இருக்கிற உப்பைப் போடுவதுபோல.

சரி.
ஆனால் அவளே எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது.
நீ சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போன இரவு
என்று தொடங்கும்.
அதையும் டெக்சாஸில் நின்றுதான் பாடுவாள்.
கடையே கைதட்டும்.
டார்ட் பலகைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரூவனும் தட்டுவான்.
சாவியை வைத்துவிட்டுப் போனவன் அவன்தான்.
எங்கோ, வெயில் காயும் ஒரு ஊரில்,
எவளுக்கோ எவனோ செய்த அநியாயம் என்று
உச்சுக்கொட்டிக்கூட இருக்கிறான்.

நவம்பரில் அவளுக்குச் சளி பிடித்தது.
பாட வேண்டாம் என்றாள் வில்மா.
மாதக் கடைசி, பணம் வேண்டும், பாடினாள்.
நெஞ்சு அடைத்திருந்தது. எந்த உயிரையும்
அரை நொடிக்குமேல் பிடிக்க முடியவில்லை.
நீட்ட வேண்டிய இடமெல்லாம் சட்டென்று முடிந்தது,
சீட்டு ஒட்டுகிற வேகத்தில்.
அப்படித்தான் வந்தது:
நீ சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போன
நிஃட்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
அவளை அல்ல.
ஸ்ட்ரூவன் டார்ட்டை ஓங்கியபடி நின்றிருந்தான்.
எறியவும் இல்லை, கையைக் கீழே போடவும் இல்லை.
அவன் போட்டிருந்தது புது கம்பளிச் சட்டை,
அது ஏனோ எல்லோர் கண்ணிலும் பட்டது.
இஷ்பெல் தண்ணீர் குடித்தாள்.
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
நிற்கும் அந்த எழுத்துக்குத்
தனிநிலை என்று இன்னொரு பெயர் உண்டு.
இரண்டாம் சரணத்துக்கு அவள் போகவில்லை.

அடுத்த வியாழன் சளி போயிருந்தது.
அதே பாட்டு. மா. நா…ட்.
குரல் வழவழவென்று, தேன் மாதிரி, எங்கேயோ.
வில்மா டெக்சாஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
டார்ட் பலகையில் வேறு யாரோ.

அந்தச் சொல் வந்தபோது மட்டும்
பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.
பிறகு இன்னொருவர்.