வெள்ளம்

மார்ச் மாதம். பகல் இரண்டு பத்து.
குலசேகரம் தீயணைப்பு நிலையத்தில்
நான் வந்து சேர்ந்த ஒன்பதாம் நாள்.
சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம்.
அங்கே மலையென்றால் வைக்கோல் போர்தான்.

போனில் ஒரு பெண்.
காற்று பாதி, குரல் பாதி.
"சாரே, ஈச்சங்கல்லுல இருந்து நீலம்மை.
வெள்ளம் வேணும்.
ஓடையில ஒரு பொட்டு..."
மிச்சத்தைக் காற்று எடுத்துக்கொண்டது.

அழைப்பின் தன்மை என்ற கட்டத்தில்
வெள்ளம் என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன்.
கொடிக்கம்பம்கூட
தன் நிழலை மடித்து வைத்திருந்தது.

எத்தனை பேர் சிக்கியிருக்காங்க என்றேன்.
யாரு சிக்கினா என்றாள்.
தண்ணி எவ்வளவு உயரம் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, பிள்ளைக்குச் சொல்வதுபோல்,
"தீ, சாரே. தீ."

ஜஸ்டஸ் அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்துவந்து
என் எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார்.
"இங்க வெள்ளம்னா குடிக்கியது, தம்பி."
கோட்டின் முனையில்
ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

பக்கத்துல அடையாளம் என்ன?
காடு.
ரோடு எதுவரைக்கும்?
அணை வரைக்கும். அங்கேருந்து வள்ளம்.
இந்தமுறை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினேன்.

நாலாயிரத்து ஐந்நூறு லிட்டரைச் சுமந்துபோய்
பேச்சிப்பாறையில்
ஓர் ஏரியின் முன்னால் நிறுத்தினோம்.
சைரனை அணைத்தபோது
அக்கரை மலையின் தோளில்
புகை, அவசரமே இல்லாமல்.

வள்ளத்தில் நான்கு பேருக்குத்தான் இடம்.
குழாய்ச் சுருளை ஏற்றினால் இரண்டு பேர்.
சுருளை விட்டோம்.
துடுப்புக்காரர் கேட்டார்:
"வண்டியை எதுக்குக் கொண்டாந்திய?"

ஏறிச் சேர்ந்தபோது ஐந்தரை.

ரப்பர் இலையுதிர்த்திருந்த சரிவு முழுக்க
முழங்கால் வரை சருகு.
அதன் நடுவே பதினெட்டு வீடுகளைச் சுற்றி
மூன்று ஆள் அகலத்துக்கு
மண் மட்டும் தெரிய ஒரு வளையம்.
பெண்கள் பெருக்கியது.
விளக்குமாறு அல்ல, இலையோடு ஒடித்த கிளைகள்.
வளையத்துக்கு வெளியே அவர்களே வைத்த எதிர்த்தீ
வந்த தீயை முட்டிப் படுத்திருந்தது.
நனைத்த சாக்குகள் ஒரு பாறைமேல்
களைத்த நாய்கள் போல.
மரச்சீனித் தோட்டத்தில் பாதி கருப்பு, பாதி பச்சை.

பத்தொன்பதாவது வீடு இருந்த இடத்தில்
தரை இருந்தது.
ஈத்தைச் சுவர்கள் சுருட்டி,
கூரையோலை தூரத்தில் குவித்து.
காற்று வந்த வழியில் நின்ற வீடு.
வேலப்பன் காணி தானே முதல் கால் வெட்டினாராம்.
வெட்டும்முன் உள்ளே போய்
ரேஷன் கார்டையும் கோழியையும் எடுத்தாராம்.
கோழி இப்போது அவர் மடியில்,
எங்களைப் பிடிக்காத பார்வையோடு.

நீலம்மை வந்தாள். புருவம் கருகியிருந்தது.
"வெள்ளம் கொண்டாந்தியளா?"
ஆளுக்கொரு பாட்டில் இருந்தது.
கொடுத்தோம். பிள்ளைகளுக்குப் போனது.
அவள் குடிக்கவில்லை.
போன் கிடைக்கும் ஒரே பாறையைக் காட்டினாள்.
"அதில ஏற இருபது நிமிஷம். கூப்பிடவா, பெருக்கவா?
ஒருத்தி போட்டும்னு நான் போனேன்.
நீங்க உயரம் கேட்டிய."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தேன்.

இரவு பதினொன்று. நிலையம்.
படிவம் கேட்கிறது: தீயால் சேதமான வீடுகள்.
வேலப்பன் வீட்டைத் தீ தொடவில்லை.
இடித்துக் காப்பாற்றியதற்குக் கட்டம் இல்லை.
கட்டம் இல்லையென்றால் பணம் இல்லை.
ஜஸ்டஸ் அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டே,
"எரிஞ்சதுன்னு எழுது" என்கிறார்.
ஓய்வுக்கு ஏழு மாதம் இருப்பவர் சொல்லலாம்.

பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
பதிவேட்டின் முந்தைய வரியில்
கோடு விழுந்த ஒரு சொல்,
அடியில் இன்னும் வாசிக்க முடிகிறது.
ஒன்று என்று எழுதுகிறேன்.
மை காயக் காத்திருக்கிறேன்.
தாகமாக இருக்கிறது.