திருத்தம் செய்ய எனக்கு அதிகாரமில்லை

புதுக்கடையில் என் மேசைக்கு மேலே
ஒரு மின்விசிறி. கீழே
காணி உறுதி, விவாகரத்து, பிறப்பத்தாட்சி.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.
சத்தியப்பிரமாணம் செய்தவன் நான்:
உள்ளதை உள்ளபடி.

ஆட்டுப்பட்டித் தெருவிலிருந்து வந்தார்
தவமலர் அம்மா.
பொலித்தீன் உறைக்குள் இரண்டு தாள்.
ருஷ்ய மொழியிலிருந்து யாரோ ஆங்கிலமாக்கியது.
அதைத் தமிழுக்கு
நான் இறக்க வேண்டும்.

"சத்தமா வாசியுங்கோ மாஸ்டர்,
பிழை இருந்தாச் சொல்லுவன்."

வாசித்தேன்.
ஒப்பந்தச் சிப்பாய். வயது இருபத்து மூன்று.
இறந்த இடம்: உயிரெழுத்து அதிகமில்லாத
ஒரு கிராமம்.
காரணம்: வெடிச் சிதறல்.
கையெழுத்திட்ட திகதிக்கும்
இறந்த திகதிக்கும் நடுவில்
பத்தொன்பது நாள்.
மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினேன்.

"ஹோட்டல் வேலை எண்டுதான் போனவன்.
முட்டை பொரிச்சாலும் அதுக்குள்ள ஓடு கிடக்கும்,
அவனை எந்தக் குசினியில எடுத்தவங்களோ"
என்று சிரித்தார். பிறகு,
"பேரை வாசியுங்கோ."

கரிவதனன் என்றிருந்தது.

ஹகரத்தைக் ககரமாய்க் கேட்கும் மொழி அது.
ஹரியைக் கரியாக்கிய கை
குளிரில் விறைத்திருக்கலாம்,
அல்லது அன்றைக்கு எழுதவேண்டிய பெயர்கள்
நிறைய இருந்திருக்கலாம்.

அம்மா எழுந்துவிட்டார்.
ஒரு ஸ்லிப்பர் மேசைக்கடியிலேயே கிடந்தது.
"அது வேற பிள்ளை!
என்ர மகன் ஹரி. ஹரிவதனன்.
பள்ளிக்கூட இடாப்பைப் பாருங்கோ, பாஸ்போட்டைப் பாருங்கோ"
என்றவர் சட்டென்று வாயைப் பொத்தினார்:
"ஐயோ, அந்தத் தாய்க்கு ஆர் சொல்லுறது?"

கடவுச்சீட்டு இலக்கம் சரியாகவே இருந்தது.
பிறந்த திகதியும்.
இரண்டாம் தாளில்,
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
அந்த வரிக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.
வரவுமில்லை.

மூலத்தில் பிழை இருந்தால்
பிழையையே பெயர்க்க வேண்டும்.
அடிக்குறிப்பு இடலாம், அவ்வளவுதான்.
இருபத்தாறு வருடமாக இந்த விதியை
என் சோம்பலுக்குத் துணையாக வைத்திருந்தேன்.
அன்றைக்கு அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கரிவதனன் என்று தட்டினேன்.
அடிக்குறிப்பு இடவில்லை.
முத்திரை காயும்வரை ஊதிக் கொடுத்தேன்.
வேண்டாம் என்றும் கேளாமல்
காசை எண்ணி வைத்து,
"அந்தப் பிள்ளைக்காக" என்றார்.

அடுத்த வருடம் அதே மாதம்
ஜிந்துப்பிட்டிக் கோயிலில் கண்டேன்.
வெளியே லொறியொன்று பின்னோக்கி வந்து
வீதியை அடைத்துக்கொண்டு கத்தியது.
அவர் என்னைக் காணவில்லை,
அல்லது கண்டும் திரும்பிக்கொண்டார்.
கையில் இரண்டு அர்ச்சனைச் சீட்டு.

முதலாவது, ஹரிவதனன், அத்த நட்சத்திரம்,
ஆயுள் ஆரோக்கியத்துக்கு.

மற்றது மோட்ச அர்ச்சனை.
பெயர் சொன்னார்.
நட்சத்திரம்? என்றார் குருக்கள்.

"தெரியாது ஐயா.
ஆற்ற பிள்ளையோ."
கொஞ்சம் பொறுத்து,
"அத்தம் எண்டே சொல்லுங்கோ."