வத்தல்மலையில் ஓர் இரவு

கடைசி வளைவில் முனிரத்தினம் வாந்தியெடுத்தான்.
ஓசூர் கம்பெனி ஆட்கள் பதினாலு பேர்,
தலைக்கு எழுநூற்றைம்பது
(அட்வான்ஸ் என் பணம், இன்னும் வரவில்லை).
ஆறு அறை, நாலு குளியலறை,
பின்னால் காப்பித் தோட்டம்.

சாவி தந்த கரியராமன் சொன்னார்:
"எப்ப வேணா எந்திரிங்க,
இங்க மணியே கிடையாது."

ரெண்டு மணி வரை சீட்டு, நாட்டுக்கோழி,
திம்மராஜின் பழைய காதல்.

ஐந்தரைக்குச்
சங்கு ஊதவில்லை,
கம்பெனி பஸ் வரவில்லை.
பதினாலு பேரும் எழுந்து
தோளில் துண்டோடு
ஒரே குளியலறை வாசலில்
வரிசையாக நின்றோம்,
முன்னால் நிற்பவன் முதுகைப் பார்த்தபடி.

டீ கொண்டுவந்தவர்
தட்டைக் கீழே வைத்துவிட்டு
மற்ற மூன்று கதவுகளையும்
ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.

இடம் போய்விடுமோ என்று
யாரும் நகரவில்லை.